முட்டை... டிபனா, சாப்பாடா?

2020 டிசம்பர் முதல் தேதி வாக்கில், பிரிட்டிஷ் அரசாங்கம் ஒரு முட்டையைப் பற்றி ரொம்ப சீரியஸாக யோசித்துக் கொண்டிருந்தது.

சாதா முட்டை இல்லை சார், ஸ்காட்ச் எக்! அவித்த முட்டை மேல் கொத்திய பன்றிக்கறியை அப்பி, ரொட்டித்தூளில் புரட்டி, எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். நம்ம முட்டை போண்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இங்கிலாந்து பப்புகளில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கும் அயிட்டம்.

கொரோனா சமயம் அது. பல ஊர்களில் பப் திறக்கலாம், ஆனால் 'கணிசமான சாப்பாடு' வாங்குகிறவருக்குத்தான் பீர் ஊற்றலாம் என்று சட்டம் போட்டார்கள். கணிசம் என்றால் எவ்வளவு? யாருக்கும் தெரியவில்லை. ஜார்ஜ் யூஸ்டிஸ் என்ற மந்திரி, 'ஸ்காட்ச் எக்கை டேபிளுக்குக் கொண்டு வந்து பரிமாறினால் சாப்பாடு கணக்கில் வரும்' என்கிற தினுசில் சொல்லி வைத்தார். மறுநாள் மைக்கேல் கோவ் என்ற இன்னொரு மந்திரி, ரெண்டு முட்டை சாப்பிட்டாலும் தன்னைப் பொறுத்தவரை அது ஸ்டார்ட்டர்தான் என்றார். அன்றைக்கே பிற்பாடு, 'சரி, அதுவும் சாப்பாடுதான்' என்று இறங்கி வந்தார்!

நாடே சிரித்தது. பப் நடத்துகிறவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. முட்டை சாப்பாடாக இருந்தால் கடை உண்டு. டிபனாக இருந்தால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

இந்த விஷயத்தை அப்படியே ஓர் ஓரமாக வைத்துக் கொள்ளுங்கள். இங்கிலாந்தின் கிராமத்து பப்பில் போய்ச் சாப்பிடுவது என்பதன் மொத்தக் கதையும் இந்த முட்டைக்குள்தான் இருக்கிறது.

*

பப் என்றதும் கலர் கலராக லைட் எரிய, காது கிழிய மியூசிக் போட்டு ஆடும் இடம் என்று நினைக்கிற தம்பிகள், அந்தப் படத்தை உடனே அழித்து விடவும். பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொது வீடு. ஆரம்பத்தில் நிஜமாகவே வீடுதான். யாரோ ஒருத்தர் வீட்டில் பீர் காய்ச்சுவார்கள். முன்னறையில் ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்து குடிப்பார்கள். அவ்வளவுதான்.

விற்கிறவர்கள் வாசலில் ஒரு அடையாளம் தொங்கவிட வேண்டும் என்று 1393-ல், இரண்டாம் ரிச்சர்ட் ராஜா காலத்தில் சட்டம் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைச்சல். அதனால் போர்டில் எழுத்து இருக்காது, படம்தான். வெள்ளை மான், சிவப்புச் சிங்கம், கிரீடம்... வெள்ளை மான் அந்த ராஜாவுடைய சொந்தச் சின்னம். 'ராயல் ஓக்' என்று ஒரு பேர் ஊருக்கு ஊர் பார்க்கலாம். 1651-ல் வூஸ்டர் சண்டையில் தோற்ற இரண்டாம் சார்லஸ், ஒரு ஓக் மரத்தின் மேல் ஏறி ஒளிந்து கொண்டார். அந்த மரத்தின் ஞாபகார்த்தம்தான் அது. ராஜா தோற்றுப்போய் ஓடி ஒளிந்ததற்குக்கூட போர்டு மாட்டிக் கொண்டாடுகிற ஊர்!

சரி, இந்தப் பொது வீட்டில் சாப்பாடு எப்போது வந்தது?

நெடுஞ்சாலைச் சத்திரங்களில் வழிப்போக்கர்களுக்கு எப்போதும் சாப்பாடு உண்டு. ஆனால் சாதாரண பப்பில், அதெல்லாம் சமீப காலத்துச் சமாசாரம். ஜார்ஜ் ஆர்வெல், நம்ம பீகாரில் மோதிஹாரியில் பிறந்தவர், 1946-ல் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் 'தி மூன் அண்டர் வாட்டர்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் தன் கனவு பப் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு லிஸ்ட் கொடுக்கிறார். கணப்பு, பழைய மரச் சாமான், பேர் தெரிந்த கஸ்டமர், பின்னால் தோட்டம், எல்லாம் உண்டு. மத்தியானம் மாடியில் சாப்பாடு போடுவார்கள். ஆனால், ராத்திரி டின்னர் கிடையாது! சாண்ட்விச், சீஸ், ஊறுகாய் மாதிரி கொறிக்க ஏதாவது கிடைக்கும். கனவிலேயே அவ்வளவுதான் மெனு. கடைசியில், அப்படி ஒரு பப்பே இல்லை என்றும் போட்டு உடைத்து விடுகிறார்.

அப்புறம் எப்படி மாறிற்று? பெரிய காரணங்களில் ஒன்று, போலீஸ் கையில் இருந்த ஒரு குழாய். 1967-ல் ஊதச் சொல்லும் சட்டம் வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் கேஸ். இங்கிலாந்தில் இன்றைக்கும் அந்த அளவுதான் நடைமுறை. டவுன் பப்புக்கு இது பெரிய அடி இல்லை, கஸ்டமர் நடந்தே வீட்டுக்குப் போவார். கிராமத்து பப்புக்கு, பத்து மைல் கார் ஓட்டி வருகிறவர்தானே கஸ்டமர்? அவர் நாலு கிளாஸ் குடித்து வந்தவர், ஒன்றோடு நிறுத்திக் கொண்டால் கல்லா என்ன ஆகும்?

'ஒரு கிளாஸோடு நிறுத்துங்க... கூடவே ஏதாச்சும் சாப்பிடுங்க' என்றார் கடைக்காரர். பீரில் விட்டதைத் தட்டில் பிடிக்கிற வேலை.

*

கம்பெனி செலவில் ஆறு மாச ப்ராஜெக்ட் என்று லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ போகிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ரயிலோ பஸ்ஸோ பிடித்து ஒரு கிராமத்துக்குப் போய் பப்பில் சாப்பிட்டுப் பாருங்கள். குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. லைம் சோடா கேட்டாலும் யாரும் மேலும் கீழும் பார்க்க மாட்டார்கள். போவதற்கு முன் சில்லறை டிப்ஸ்:

முதலாவது, உட்கார்ந்து கொண்டு 'சர்வர்' என்று கூப்பிடாதீர்கள். பெரும்பாலான கிராமத்து பப்பில் நாம்தான் எழுந்து கவுன்ட்டருக்குப் போக வேண்டும். டேபிள் நம்பரைச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தால் தட்டு தேடி வரும். கவுன்ட்டரில் க்யூ நிற்காது. ஆனால் க்யூ உண்டு! யார் முதலில் வந்தார் என்று எல்லோர் மனசிலும் ஒரு லிஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும். நோட்டை ஆட்டிக் கூப்பிட்டால் உங்கள் பேர் லிஸ்டில் கடைசிக்குப் போய்விடும். உங்களிடம் கேட்கும்போது, 'இவர்தான் எனக்கு முன்னாடி' என்று பக்கத்து ஆளைக் காட்டிப் பாருங்கள். அந்த ஊரில் உங்களுக்குப் பாதி சிட்டிசன்ஷிப் கிடைத்த மாதிரி.

கவுன்ட்டரில் நிற்கும் அம்மணி உங்களை 'லவ்' என்று கூப்பிடுவார். மனசைத் திடப்படுத்திக் கொள்ளவும். உங்களுக்கு முன்னால் நின்ற எழுபது வயசுத் தாத்தாவையும் அப்படித்தான் கூப்பிட்டார். டெர்பி, நாட்டிங்ஹாம் பக்கம் போனால் 'டக்' என்பார்கள். வாத்து! அதுவும் பிரியம்தான்.

ரெண்டாவது, 'ரவுண்டு'. நாலு பேர் போனால் ஒருத்தர் நாலு பேருக்கும் வாங்குவார், அடுத்த தடவை அடுத்தவர். முதல் மூன்று ரவுண்டு குடித்துவிட்டு நாலாவதுக்கு பாத்ரூம் போகிற ஆசாமியை ஆபீஸில் ரிடையர் ஆகிற வரைக்கும் மன்னிக்க மாட்டார்கள். முதல் உலகப் போர் சமயத்தில், 1915-ல், இப்படி அடுத்தவருக்கு வாங்கிக் கொடுப்பதே பல ஊர்களில் குற்றம் என்று சட்டம் போட்டார்கள். குடித்துவிட்டு ஆயுதத் தொழிற்சாலைக்கு மட்டம் போடுகிறார்கள் என்று கவலை! போர் முடிந்த பிறகு சட்டம் போய்விட்டது. ரவுண்டு போகவில்லை.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். நேரம்! நாம் ராத்திரி ஒன்பதரைக்கு சாவகாசமாகக் கை கழுவுகிற ஜாதி. கிராமத்து பப்பில் ஒன்பது மணிக்குள் அடுப்பை அணைத்து விடுவார்கள். மத்தியானமும் ரெண்டரை வாக்கில் மூடுகிற இடங்கள் உண்டு. 'கிச்சன் க்ளோஸ்டு' என்ற பிறகு கெஞ்சிப் பிரயோஜனமில்லை. உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டை வைத்துத்தான் ராத்திரியை ஓட்ட வேண்டும்.

*

இனி மெனு. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவரும் இங்கே தடுமாறுவார்.

'ஷெப்பர்ட்ஸ் பை' என்றால் ஆட்டுக்கறிக் கொத்தின் மேல் மசித்த உருளைக்கிழங்கு. அதுவே மாட்டுக்கறியாக இருந்தால் 'காட்டேஜ் பை'. 'டோட் இன் த ஹோல்' என்றால் பொந்துக்குள் தேரை என்று அர்த்தம் வரும். பயப்படாதீர்கள், மாவில் புதைத்து வேகவைத்த சாசேஜ்தான். 'பிளாக் புட்டிங்' என்று கேட்டுவிட்டு ஸ்வீட் வரும் என்று ஸ்பூனோடு காத்திருக்காதீர்கள். அது ரத்தத்தில் செய்த சாசேஜ். 'யார்க்ஷயர் புட்டிங்' ஸ்வீட்டும் இல்லை, கறியும் இல்லை. மாவு, முட்டை, பால் கலந்து சூடான கொழுப்பில் ஊற்றி அவனில் வைத்தால், கிண்ணம் மாதிரி உப்பி வரும். அந்தக் காலத்தில் குழம்பை ஊற்றி இதை முதலில் கொடுத்து விடுவார்கள். வயிறு ரொம்பிவிட்டால் கறி கம்மியாகச் செலவாகும் இல்லையா? சிக்கன நடவடிக்கை, சார்! பந்தியில் முதலில் சாதத்தை அம்பாரமாகப் போடுகிற டெக்னிக்.

இந்த யார்க்ஷயர் புட்டிங், வாட்டிய கறி, ரோஸ்ட் உருளைக்கிழங்கு, காய்கறி, மேலே கிரேவி, இதெல்லாம் சேர்ந்ததுதான் ஞாயிற்றுக்கிழமை 'சண்டே ரோஸ்ட்'. மத்தியானம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். தாத்தா, பேத்தி, மேஜைக்கு அடியில் நாய். நாய்க்குத் தண்ணிக் கிண்ணம் தனியாக வைத்திருப்பார்கள்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரேவி பெரும்பாலும் கறிச்சாறு. சில இடங்களில், முக்கியமாக வடக்கே, சிப்ஸைக்கூட மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். வாயைத் திறந்து கேட்டுவிடுவது உத்தமம். கேட்டால் கோபப்பட மாட்டார்கள், தனியாக ஒரு வெஜிடேரியன் பக்கமே இருக்கும்.

'ப்ளவ்மன்ஸ் லஞ்ச்' என்று ஒன்று உண்டு. உழவன் சாப்பாடு. ரொட்டி, பெரிய துண்டு சீஸ், வெங்காய ஊறுகாய். பேரைக் கேட்டால் ஏதோ ஆயிரம் வருஷமாக ஏர் ஓட்டினவன் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டது மாதிரி இருக்கும். ரொட்டியும் சீஸும் அவன் சாப்பிட்டது நிஜம். ஆனால் அந்தப் பேரில் அதை பப்புகளில் பரப்பியது யார் தெரியுமா? போர்க்கால சீஸ் ரேஷன் 1954-ல் தீர்ந்த பிறகு, சீஸ் விற்பனையைக் கூட்டுவதற்காக சீஸ் பீரோ, மில்க் மார்க்கெட்டிங் போர்டு ஆகிய அமைப்புகள் செய்த விளம்பரம்! பி.காமில் மார்க்கெட்டிங் பேப்பருக்குப் பாடமாகவே வைக்கலாம்.

*

பி.காம் என்றதும் ஞாபகம் வருகிறது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா?

பப் நடத்துகிறவருக்கு அங்கே 'லேண்ட்லார்ட்' என்று பேர். பல இடங்களில் நிஜத்தில் அவர் குடித்தனக்காரர்! கட்டடம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அவர்களுக்கு வாடகையும் கொடுக்க வேண்டும், பீரையும் அவர்களிடமே, வெளி மார்க்கெட்டைவிடக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். இதை ஒழுங்குபடுத்த 1989-ல் ஒரு உத்தரவு போட்டார்கள். ரெண்டாயிரம் பப்புக்கு மேல் வைத்திருக்கும் பீர் கம்பெனிகள் பிடியைத் தளர்த்த வேண்டும் என்றார்கள். விற்றார்கள். வாங்கியது பெரிய பெரிய பப் கம்பெனிகள். மாமியார் போய் சின்ன மாமியார் வந்த கதை! 2016-ல்தான், 500-க்கு மேல் இப்படிப் பிடியில் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு ஒரு கடிவாளச் சட்டம் வந்தது.

18 பவுண்டுக்கு ஒரு ரோஸ்ட் சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். அதில் 20 சதவிகித 'வாட்' அடக்கம். அதாவது 3 பவுண்டு நேராக கஜானாவுக்கு. அதே கறியையும் உருளைக்கிழங்கையும் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கி வீட்டில் சமைத்தால் வாட் பூஜ்யம். மிச்சம் 15 பவுண்டில் கறிக்காரர், கரண்ட், சமையல்காரர், வாடகை எல்லாம் போக மிஞ்சுவதுதான் லேண்ட்லார்டுக்கு. 2024 அக்டோபர் பட்ஜெட்டில் பப்பில் விற்கும் ஒரு பைன்ட்டுக்கு, அதாவது 568 மில்லிக்கு, ஒரு பென்னி வரி குறைத்தார்கள். பைன்ட் விலையோ சுமார் ஐந்து பவுண்டு. நம்ம காசில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். அதில் ஒரு பென்னி! அதே பட்ஜெட்டில் ஊழியர்களுக்காக முதலாளி கட்டும் இன்ஷூரன்ஸ் வரியை 13.8-லிருந்து 15 சதவிகிதமாக ஏற்றினார்கள். இந்தப் பாக்கெட்டில் ஒன்று போட்டு, அந்தப் பாக்கெட்டில் பத்து எடுத்தாயிற்று.

விளைவு? 2000-ல் பிரிட்டனில் சுமார் 60 ஆயிரம் பப் இருந்தன. இப்போது சுமார் 45 ஆயிரம்.

பிழைத்த கிராமத்து பப்புகளில் பலதும் சமையலால் பிழைத்தவை. சிலது ஒரேயடியாக உயரத்துக்கே போய்விட்டன. 2001-ல் ஹியர்ஃபோர்ட்ஷயரில் 'ஸ்டாக் இன்' என்ற பப்புக்கு மிஷலின் ஸ்டார் கிடைத்தது. பிரிட்டனில் முதல் தடவை. 2012-ல் மார்லோவின் 'ஹேண்ட் அண்ட் ஃப்ளவர்ஸ்' ரெண்டு ஸ்டார் வாங்கியது.

சந்தோஷம்தான். ஆனால் இங்கேதான் இடிக்கிறது. எல்லா டேபிளிலும் 'ரிசர்வ்டு' அட்டை வைத்துவிட்டால், தினம் சாயங்காலம் அரை பைன்ட்டை ஒரு மணி நேரம் வைத்துக் கொண்டு உட்காரும் உள்ளூர் விவசாயி எங்கே உட்காருவார்? டார்ட் எறிகிற பலகை இருந்த இடத்தில் ஒயின் அலமாரி வந்துவிட்டால் அது நல்ல ஓட்டல். பப் இல்லை. அவர் அங்கே வருவது பீருக்காக மட்டும் இல்லையே. யார் வீட்டுக் கதவையும் தட்டாமல், முன்கூட்டி போன் பண்ணாமல், நாலு முகத்தைப் பார்க்க அந்த ஊரில் அது ஒன்றுதான் இடம். நம்மூர்த் திண்ணைக்கு வாடகை கட்டி, வரி கட்டி, கணப்பு மூட்டி வைத்தால் எப்படியோ, அப்படி.

நல்ல பப் வைத்திருப்பவர் இதை அறிவார். சாப்பாட்டுக்கு ஒரு பக்கம், கவுன்ட்டர் ஓரமாக நாலு ஸ்டூல் ஊர்க்காரர்களுக்கு. அந்த ஸ்டூலில் பெரிய லாபம் வராது. அந்தப் பக்கத்து டேபிளில் நீங்கள் சாப்பிடுகிற ரோஸ்ட்தான் அந்த ஸ்டூலுக்கு வாடகை.

*

பப் போனால் ஊர் என்ன பண்ணும்? ரெண்டு கதை சொல்கிறேன்.

ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஹிம்லி பக்கம் 'க்ரூக்கட் ஹவுஸ்' என்று ஒரு பப் இருந்தது. 18-ம் நூற்றாண்டுக் கட்டடம். அடியில் சுரங்கம் தோண்டித் தோண்டி, ஒரு பக்கம் சுமார் நாலடி இறங்கிவிட்டது. உள்ளே போனால் குடிக்காமலே தலை சுற்றும். மேஜையில் கோலிக்குண்டு மேட்டைப் பார்த்து உருளுவது மாதிரி தெரியும். 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி ராத்திரி அது எரிந்தது. ரெண்டே நாளில் புல்டோசர் வந்து தரைமட்டம். போலீஸ் அதைத் தீவைப்பு என்று சொல்லி விசாரித்தது. இடிக்க அனுமதியே இல்லை என்றது கவுன்சில். ஜனங்கள் அந்தச் செங்கல் குவியலுக்கு எதிரே வந்து நின்றார்கள். 2024 பிப்ரவரியில், மூன்று வருஷத்துக்குள் பழையபடியே கட்டிக் கொடு என்று சொந்தக்காரர்களுக்கு கவுன்சில் நோட்டீஸ் விட்டது. அவர்கள் அப்பீல் போனார்கள். கோணல் பப்பைக் கோணலாகவே கட்டச் சொல்லி ஒரு அரசாங்க உத்தரவு!

இன்னொன்று, கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற குட்டி கிராமம். 'ஓல்ட் க்ரவுன்' என்ற அவர்கள் பப் விலைக்கு வந்தது. ஜனங்கள் பார்த்தார்கள். பப்புக்குப் பின்னால் இருந்த பீர் ஆலையை 1999-ல் கூட்டுறவாக வாங்கிய ஊர் அது. அதே வழியில் 2003-ல் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு பப்பையும் வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் கூட்டுறவு முறையில் வாங்கப்பட்ட பப்புகளில் அதுவும் ஒன்று. 2011-ல் வந்த ஒரு சட்டப்படி, இங்கிலாந்தில் ஒரு பப்பை 'சமூகச் சொத்து' என்று பதிவு செய்து கொள்ளலாம். சொந்தக்காரர் விற்க நினைத்தால், ஊர் விரும்பினால் பணம் திரட்ட ஆறு மாசம் அவகாசம் உண்டு.

ஆறு மாசம் ஓடி ஓடிப் பணம் திரட்டி ஒரு ஊரே காப்பாற்ற நினைப்பது பீர்க் குழாயை இல்லை. அந்த நாலு ஸ்டூலை.

அதனால், போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். கடைசியில் ஸ்டிக்கி டாஃபி புட்டிங் கேளுங்கள், அது நிஜமாகவே ஸ்வீட்தான். கிளம்பும்போது காலி கிளாஸை டேபிளில் விட்டுவிட்டு வராமல், கையோடு எடுத்துப் போய் கவுன்ட்டரில் வைத்து ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டு வாருங்கள். யாரும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். ஆனால் தினம் வருகிற ஊர்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள்.